மட்கார்டில் இருக்கும் சிவப்புக் கண்

நெய்வேலி நகரியத்துக்குள் இரவு அவ்வளவு இருட்டாக இருப்பதில்லை. வட்டத்துக்கு வட்டம் தெருவிளக்குகள். சுரங்கத்தின் பக்கம் திரும்பினால், இரவு பகலாக ஓடும் வெட்டு இயந்திரங்களுக்காக எரியும் விளக்குகளின் வெளிச்சம் வானத்தில் படர்ந்திருக்கும். ஆர்ச் கேட்டைத் தாண்டி விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலைக்கு வந்து, பண்ருட்டிப் பக்கமோ வடலூர்ப் பக்கமோ கொஞ்ச தூரம் போனதும் அந்த வெளிச்சம் சட்டென்று அறுந்துவிடும். ஷிப்ட் முடிந்து சுற்றுக் கிராமங்களுக்குத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளர்களும், சிறப்பு வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைகளும் சைக்கிளில் அந்த இருட்டுக்குள்தான் இறங்குகிறார்கள். கார்த்திகை மாதத்தில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது.

அந்தச் சைக்கிள்களின் பின் மட்கார்டில், தீப்பெட்டி அளவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. சைக்கிள் கடையில் ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுக்குக் கிடைக்கும். ரிஃப்ளெக்டர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இருட்டில் ஓர் ஆளின் உயிரை 150 மீட்டருக்கு அப்பாலிருந்தே அறிவிக்கும் வேலையை இந்தத் துண்டு எப்படிச் செய்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், அதைக் கடந்து போகவே மனம் வராது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. முன்னால் ஏதோ இருக்கிறது என்று ஓட்டுநரின் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்த பிறகு கார் நிற்க இன்னொரு 25 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 50 மீட்டர். வேகம் 80 என்றால் இதுவே 80 மீட்டரை நெருங்குகிறது. இப்போது மறுபக்கக் கணக்கு. ஹெட்லைட்டை டிம்மில் வைத்து ஓட்டும்போது, கறுப்புச் சட்டை போட்ட ஆள் ஓட்டுநருக்குத் தட்டுப்படுவது சுமார் 30, 40 மீட்டர் தூரத்தில்தான். நிற்க வேண்டிய தூரம் 50, தெரியும் தூரம் 40. ஓட்டுநர் குடிக்கவில்லை, தூங்கவில்லை, செல்போன் பார்க்கவில்லை. ஆனாலும் அவரால் நிறுத்த முடியாது. இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டு உயிரிழந்த 1,68,491 பேரில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர் சைக்கிளில் போனவர்கள். அவர்களில் பலருக்கு இந்தப் பத்து மீட்டர் பற்றாக்குறைதான் எமனாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பளிச்சென்ற சிவப்புச் சட்டை போட்டால் தெரியாதா? இங்கே கண் நம்மை ஏமாற்றுகிறது. நம் விழித்திரையில் இரண்டு வகைப் பார்வைச் செல்கள் இருக்கின்றன. பகலில் நிறம் காட்டும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். இருட்டில் வேலை செய்யும் குச்சிச் செல்கள் ஏறக்குறைய 12 கோடி. வெளிச்சம் குறையக் குறைய, பொறுப்பு கூம்புகளிடமிருந்து குச்சிகளுக்குக் கைமாறுகிறது. குச்சிச் செல்கள் நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஒளியை நன்றாக உணரும். சிவப்பை அநேகமாக உணரவே உணராது. அதனால் அந்தி சாயும் நேரத்தில், பகலில் கண்ணைப் பறித்த செம்பருத்தி கறுத்துப்போக, அதன் இலைகள் வெளிறித் தெரியும். செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூக்களைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார். நம் வீட்டு வாசலில் எந்த மாலையிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சிவப்புச் சட்டை ஆறு மணிக்கு மேல் கறுப்புச் சட்டை ஆகிவிடுகிறது.

அப்படியானால் மட்கார்டில் மட்டும் ஏன் சிவப்பு? அந்தத் துண்டு அனுப்பும் ஒளி அவ்வளவு வலுவானது. கூம்புச் செல்களையே தட்டி எழுப்பி, சிவப்பைச் சிவப்பாகவே காட்டும் அளவுக்கு வலுவானது. பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள் என்ற ஏற்பாட்டால், இருட்டில் தெரியும் வண்டி நம்மை விட்டுப் போகிறதா, எதிரே வருகிறதா, குறுக்கே கடக்கிறதா என்பது நிறத்திலேயே விளங்கிவிடும்.

இந்த வலு எங்கிருந்து வருகிறது? ஒரு பொருளின் மேல் ஒளி பட்டால் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கும். சட்டை, சுவர், மண் போன்ற சொரசொரப்பான பரப்புகள் ஒளியை எல்லாத் திசையிலும் இறைத்துவிடும்; ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புவது துளியூண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி இறைக்காது, ஆனால் ஒளி எந்தச் சாய்வில் வந்ததோ அதே சாய்வில் மறுபக்கம் தள்ளிவிடும். நேருக்கு நேர் நின்றாலொழிய நமக்கு ஒன்றும் வராது. ரிஃப்ளெக்டர் மூன்றாவது வழியைப் பிடிக்கிறது. ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும், வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. இதைப் பின்னெதிரொளிப்பு என்று சொல்லலாம்.

வந்தவர் யாராக இருந்தாலும் வந்த வாசலுக்கே திருப்பிவிடும் இந்தத் தந்திரம், கேரம் ஆடியவர்களின் கைக்குப் பழக்கமானது. ஸ்ட்ரைக்கரை மூலைக்குப் பக்கத்தில் அடித்தால், அது ஒரு கட்டையில் மோதி, பக்கத்துக் கட்டையிலும் மோதி, கிளம்பிய திசைக்கே இணையாகத் திரும்பி வரும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் வரும், ஏனென்றால் இரண்டு கட்டைகளும் செங்குத்தாகச் சேர்கின்றன. பலகை தட்டையானது, அங்கே இரண்டு கட்டை போதும். ஒளி மேலும் கீழும்கூட ஓடும் என்பதால் மூன்று சுவர் வேண்டும். ஓர் அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சந்திக்கின்றனவே, அதே வடிவம். மூன்றும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி. இதற்கு மூலைக் கனசதுரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு ரிஃப்ளெக்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முன்பக்கம் விரலுக்கு வழுவழுவென்று இருக்கும். உள்ளே, தேனடையைப் போல அறுகோண அறுகோணமாக நெருங்கி நிற்கும் சின்னச் சின்ன மூலைகள் தெரியும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அந்தச் சின்னத் துண்டுக்குள் பல நூறு மூலைகள். ஒவ்வொரு மூலையும் தன்மேல் விழும் ஒளியை மூன்று முறை திருப்பி, வந்தவரிடமே கொடுத்துவிடுகிறது. இறைத்துவிடும் வெள்ளைத் துணியோடு ஒப்பிட்டால், அதே பரப்பிலிருந்து ஓட்டுநரின் கண்ணுக்குச் சில நூறு மடங்கு ஒளி போய்ச் சேருகிறது.

அந்தச் சுவர்களில் ரசம் பூசியிருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். பெரும்பாலான சைக்கிள் ரிஃப்ளெக்டர்களில் எந்தப் பூச்சும் கிடையாது. அக்ரிலிக் பிளாஸ்டிக், அதற்குப் பின்னால் காற்று, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கிலிருந்து காற்றுக்குள் நுழையப் பார்க்கும் ஒளி, ஓர் எல்லைக்கு மேல் சாய்ந்து வந்தால் வெளியே போக முடியாது. முழுக்க முழுக்க உள்ளேயே திரும்பிவிடும். பள்ளிப் பாடத்தில் வரும் முழு அக எதிரொளிப்பு இதுதான். அக்ரிலிக்குக்கு அந்த எல்லை, அதாவது மாறுநிலைக் கோணம், சுமார் 42 டிகிரி. நேராக உள்ளே வரும் ஒளி மூலையின் சுவரை ஏறக்குறைய 55 டிகிரி சாய்வில் தொடுகிறது. எல்லையைத் தாராளமாகத் தாண்டிவிட்டதால் ஒரு துளியும் சிந்தாமல் திரும்புகிறது. வீட்டுக் கண்ணாடியில்கூட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒளி வீணாகும். இங்கே பூச்சே இல்லாத வெறும் காற்று அதைவிட நல்ல கண்ணாடியாக வேலை செய்கிறது.

காற்றை நம்பி இருப்பதில் ஒரு கண்டமும் உண்டு. ரிஃப்ளெக்டரின் பின்மூடியில் விரிசல் விட்டு, ஐப்பசி மழை உள்ளே புகுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருப்பது காற்று இல்லை, தண்ணீர். தண்ணீரோடு சேரும்போது மாறுநிலைக் கோணம் 42-லிருந்து 63-க்கு மேல் ஏறிவிடுகிறது. 55 டிகிரியில் வரும் ஒளி இப்போது எல்லைக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. சுவரைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடும். ஒவ்வொரு சுவரிலும் திரும்புவது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று சுவர் தாண்டிய பிறகு எட்டாயிரத்தில் ஒரு பங்கும் தேறாது. பகலில் பார்த்தால் அதே சிவப்பு, அதே துண்டு, திடமாகத்தான் இருக்கும். இரவில் அது செத்த கண். சாலை மிக ஆபத்தாக இருக்கும் மழை இரவில்தான் அது சாகிறது என்பது இன்னும் கொடுமை. விரிசல் விட்ட ரிஃப்ளெக்டரை ஒட்டவைத்துச் சமாளிக்காமல் மாற்றிவிட வேண்டும் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

தூசிக்கும் இதில் தனிக் கணக்கு உண்டு. பழுப்பு நிலக்கரியும் சாம்பலும் ஏற்றிய லாரிகள் ஓடும் ஊரில், ஒரு வாரம் துடைக்காத மட்கார்டில் விரலால் பெயர் எழுதலாம். முகப்பில் படிந்த தூசி பாதி ஒளியைத் தடுக்கிறது என்றால், மிச்சம் பாதி என்றுதானே தோன்றும்? ஒளி அந்தத் தூசியை உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது இன்னொருமுறை கடக்கிறது. பாதியில் பாதி, அதாவது கால் பங்குதான் மிஞ்சும். சட்டை நுனியால் ஒரு துடைப்பு போதும், வெளிச்சம் நான்கு மடங்காகிவிடும்.

இதுவரை சொன்னதில் ஒரு சிக்கலை நான் மறைத்து வைத்திருக்கிறேன். ஒளியை வந்த இடத்துக்கே துல்லியமாக அனுப்பினால், அது போய்ச் சேருவது ஹெட்லைட்டுக்கு. ஓட்டுநரின் கண் அங்கே இல்லையே! காரில் ஓட்டுநரின் கண், ஹெட்லைட்டைவிடச் சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி மூன்றில் ஒரு டிகிரி. குறையே இல்லாத ரிஃப்ளெக்டர் செய்தால், ஒளி முழுவதும் விளக்குக்கே போய்விடும், ஓட்டுநருக்கு இருட்டுதான். ஆகவே வந்த வழியைச் சுற்றி ஒரு மெல்லிய கூம்பாக ஒளி விரியும்படி விடுகிறார்கள். மூலைகளின் கோணம் 90-லிருந்து கடுகளவு விலகினாலே போதும், அந்த விரிவு கிடைத்துவிடும். கூம்பு மிகக் குறுகினால் கண்ணுக்கு எட்டாது. மிக விரிந்தால் வெளிச்சம் நீர்த்துப்போகும். இரண்டுக்கும் நடுவே பொறியாளர்கள் பிடித்திருக்கும் அந்த அளவான குறைபாடு எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். தெருவிளக்கு எட்டாத இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, 20 அடி தள்ளி நில்லுங்கள். டார்ச்சை நெற்றிப் பொட்டோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் ரிஃப்ளெக்டர் தணலாக எரியும். அடித்தபடியே டார்ச் உள்ள கையைப் பக்கவாட்டில் மெல்ல நீட்டுங்கள். வெளிச்சம் அதே இடத்தில்தான் விழுகிறது, ஆனால் சிவப்பு மங்கி மங்கி, கை முழுதாக நீண்டதும் அணைந்தேவிடும். கூம்பை விட்டு உங்கள் கண் வெளியேறிவிட்டது. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதையும் கவனியுங்கள். விளக்கு வைத்திருப்பவர் மட்டுமே அந்த ஒளியைப் பார்க்கிறார். பத்து வண்டிகள் வந்தால், பத்து ஓட்டுநர்களுக்கும் தனித்தனியாக அவரவர் ஒளி அவரவருக்கே திரும்புகிறது.

இதே கணக்கு லாரி ஓட்டுநருக்குக் கொஞ்சம் பாதகமாக அமைகிறது. அவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கண்ணுக்கும் ஹெட்லைட்டுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் வரை இருக்கலாம். 100 மீட்டரில் அது முக்கால் டிகிரியைத் தாண்டிவிடும். கார்க்காரருக்குப் பளிச்சென்று தெரியும் அதே ரிஃப்ளெக்டர், அதே தூரத்தில் லாரிக்காரருக்கு மங்கலாகத்தான் தெரியும். உயரத்திலிருந்து பார்க்கிறார், அவருக்கு எல்லாம் தெரியும் என்று நாம் நம்புவது இருட்டில் செல்லாது. லாரி நெருங்கும்போது முடிந்தவரை இடது ஓரத்தில் ஆடாமல் அசையாமல் நேர்கோட்டில் போவது நல்லது என்பதற்கு இந்த முக்கால் டிகிரி ஒரு காரணம். மட்கார்டு வளைந்து, ரிஃப்ளெக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குமே தெரியாது. ரிஃப்ளெக்டர் நிமிர்ந்து சாலையைப் பார்க்க வேண்டும். கேரியரில் கட்டிய பையோ சாக்கோ அதன்மேல் தொங்கக் கூடாது.

இம்மியும் பிசகாமல் செய்த மூலைகள் இருக்கும் இடம் ஒன்றும் உண்டு: நிலா. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் அங்கே 100 மூலைக் கனசதுரங்கள் அடங்கிய ஒரு பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பினால், ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் போய், அந்தப் பலகையில் பட்டு, இரண்டரை நொடியில் திரும்பி வருகிறது. அந்த நேரத்தை அளந்து அளந்துதான் நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் விக்ரம் நிலாவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், நெய்வேலிக்குப் பக்கத்து விழுப்புரத்துக்காரர். விக்ரமின் மேலே, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குமிழில் எட்டு மூலைக் கனசதுரங்கள் இருந்தன, நாசா கொடுத்தனுப்பியவை. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த நாசா விண்கலம் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து லேசரை அடிக்க, விக்ரமின் ரிஃப்ளெக்டர் பதில் சொல்லியது. விக்ரமில் மின்சாரம் போய், கருவிகளெல்லாம் உறங்கிப்போய் மாதங்கள் ஆகியிருந்தன. மூலைக்கு மின்சாரம் எதற்கு?

பூமியில் இந்த மூலைகளைச் செய்யும் முறையும் அழகானது. அறுகோணமான உலோக ஊசிகளை எடுத்து, ஒவ்வொன்றின் முனையிலும் மூன்று முகங்களை மிகத் துல்லியமாகப் பட்டை தீட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான ஊசிகளைக் கற்றையாகக் கட்டி, அதன்மேல் நிக்கலை மின்முலாமாகத் தடிமனாக வளரவிடுகிறார்கள். உரித்தெடுத்த நிக்கல் தகடுதான் அச்சு. அதில் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தினால் ரிஃப்ளெக்டர் தயார். அச்சு ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் லட்சக்கணக்கில் வார்க்கலாம், அதனால்தான் இவ்வளவு மலிவு. அச்சு மோசமாக இருந்தால் பகலில் பளபளக்கும், இரவில் ஒன்றும் திரும்பாது. வெறும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத இந்த ஏமாற்றைத் தடுக்கத்தான், சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கென்றே ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-இல் பிறப்பித்தது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், மேலே சொன்ன டார்ச் சோதனையைக் கடையிலேயே செய்து பார்த்தாலும் தவறில்லை.

சைக்கிளில் இன்னும் நான்கு ரிஃப்ளெக்டர்கள் கவனிப்பாரில்லாமல் இருக்கின்றன. பெடல் ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு மஞ்சள் பட்டைகள். உருவில் மிகச் சிறியவை. அவற்றின் பலம் அவை ஏறி இறங்குவதில் இருக்கிறது. 1973-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர், ஆட்களின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டு மூட்டாகச் சிறு ஒளிப்புள்ளிகளை ஒட்டி, இருட்டறையில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். அசையாமல் நிற்கும்போது பார்ப்பவர்களுக்கு அவை வெறும் புள்ளிகள். ஓர் அடி எடுத்து வைத்ததும், 'மனிதன் நடக்கிறான்' என்று நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் கண்டுகொண்டார்கள். உயிருள்ள உடலின் அசைவை அடையாளம் காண்பதற்கென்றே நம் மூளை பழகி வைத்திருக்கிறது.

மட்கார்டின் ஒற்றைச் சிவப்புப் புள்ளி, 'அங்கே ஏதோ இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். மைல்கல்லா, நிறுத்தி வைத்த வண்டியா, தடுப்புக் கம்பியா என்பதை ஓட்டுநர் யோசிக்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டு மஞ்சள் புள்ளிகள் ஒன்று மாற்றி ஒன்றாக, நொடிக்கு ஒருமுறை, ஓர் அடி உயரம் ஏறி இறங்கினால் யோசனைக்கே இடமில்லை. அங்கே ஓர் ஆள் சைக்கிள் மிதிக்கிறார்! பெடல் தேய்ந்து மாற்றும்போது ரிஃப்ளெக்டர் இல்லாத மலிவுப் பெடலைப் போட்டுவிட்டால் இந்தச் செய்தி நின்றுபோகும். கணுக்காலில் பளபளக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்வதும் இதே வேலையைச் செய்யும், முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலில் கட்டுவது மேல்.

பட்டை என்றதும் சுரங்கத் தொழிலாளர்கள் அணியும் மேலாடை நினைவுக்கு வருகிறது. கண் கூசும் எலுமிச்சைப் பச்சைத் துணி, அதன்மேல் சாம்பல் நிறப் பட்டைகள். இரண்டும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. அந்தப் பச்சைச் சாயம் வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிரை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை, விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் பச்சையாக உமிழ்கிறது. அதனால்தான் மார்கழிப் பனிமூட்டத்திலும் அது தானே எரிவதுபோல் தெரிகிறது. ஹெட்லைட்டில் புறஊதா அநேகமாக இல்லாததால் இரவில் அது சாதாரணத் துணி. அப்போது சாம்பல் பட்டை எழுந்துகொள்கிறது. அதில் மயிரிழை பருமனுள்ள மூலைகளோ, மாவு போன்ற கண்ணாடி மணிகளோ பதிந்திருக்கும். வேலை முடிந்ததும் அந்த மேலாடையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் ஏறுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. சுரங்கத்துக்குள் இருக்கும் ஆபத்துக்குக் குறைந்ததல்ல நெடுஞ்சாலை.

ரிஃப்ளெக்டரால் முடியாத காரியமும் உண்டு. அது பதில் சொல்லும், பேச்சைத் தொடங்காது. ஹெட்லைட் அதன்மேல் விழுந்தால்தான் உயிர் வரும். குறுக்குச் சாலையிலிருந்து சைக்கிள் வரும்போது, காரின் விளக்கு நேரே தன் வழியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்போக்கில் மாட்டிய மஞ்சள் ரிஃப்ளெக்டர் காரின் வெளிச்சத்துக்குள் வருவதற்குள் சைக்கிளே சாலை நடுவுக்கு வந்திருக்கும். இங்கே சொந்த விளக்கு வேண்டும்.

ஒரு காலத்தில் சைக்கிளில் விளக்கு இல்லை என்றால் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார். அந்தத் தலைமுறைக்கு டைனமோ என்றால் தெரியும்: டயரின் பக்கவாட்டில் உரசி உருளும் சிறு குப்பி. சைக்கிள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் தலை நொடிக்கு 60 முறைக்கு மேல் சுழலும். உள்ளே இருக்கும் காந்தம் கம்பிச் சுருளுக்கு நடுவே சுழன்று 6 வோல்ட், 3 வாட் மின்சாரம் தரும். இறக்கத்தில் வேகம் இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் எகிறி பல்பு கருகிவிடாதா? கருகாமல் காப்பது அந்தக் கம்பிச் சுருளேதான். காந்தம் வேகமாகச் சுழன்றால் மின்னழுத்தம் ஏறும். மின்சாரம் திசை மாறும் வேகமும் அதே அளவு ஏறும். திசை மாறும் வேகம் ஏற ஏற, அந்த மாற்றத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பும் ஏறும். ஏறியதை ஏறியது சரிக்கட்டி, அரை ஆம்பியருக்குப் பக்கத்திலேயே மின்னோட்டம் நின்றுவிடும். தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லை. இன்று யூ.எஸ்.பி.யில் சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்குகள் டைனமோவின் இடத்தைப் பிடித்துவிட்டன. சைக்கிள் நின்றாலும் அவை அணையாது என்பதால், சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் அந்த ஆபத்தான நேரத்துக்கு அவைதான் சரி.

விளக்கும் இருந்து, பட்டப்பகலாகவும் இருந்து, பார்வையை மறைக்க எதுவும் இல்லாமலும் மோதல் நடக்கும் ஒரு விசித்திரம் இருக்கிறது. நெய்வேலி நகரியத்தைப் போலத் திட்டமிட்டுப் போட்ட, நேர்க்கோட்டுச் சாலைகள் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் ஊர்களில் இதை அறிந்திருப்பது அவசியம். ஒரு கார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நாற்சந்தியை நோக்கி வருகிறது. வலப்புறச் சாலையிலிருந்து ஒரு சைக்கிள் 15 கிலோமீட்டர் வேகத்தில் அதே சந்திக்கு வருகிறது. ஆறு நொடிக்கு முன் கார் 75 மீட்டர் தள்ளி, சைக்கிள் 25 மீட்டர் தள்ளி. மூன்று நொடிக்கு முன் 37 மீட்டர், 12 மீட்டர். இரண்டு நேரத்திலும் ஓட்டுநரின் பார்வையில் சைக்கிள் இருக்கும் கோணம் அதே 18 டிகிரி. கொஞ்சமும் நகரவில்லை! மோதப் போகும் பொருள் எப்போதும் ஒரே கோணத்தில்தான் இருக்கும். கடலில் எதிர்ப்படும் கப்பல் திசை மாறாமல் நெருங்கிக்கொண்டே வந்தால் மோதல் நிச்சயம் என்பது மாலுமிகளுக்கு முதல் பாடம்.

கடைக்கண் பார்வை அசைவைப் பிடிப்பதில் கெட்டி. அசையாததை அலட்சியம் செய்துவிடும். நெருங்கி வரும் சைக்கிள் கண்ணில் ஒரே இடத்தில் நிற்பதால், தூரத்து மரம் போலப் பின்னணியில் கரைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, முன்கண்ணாடியின் வலப்புறத் தூண் கிட்டத்தட்ட அந்தக் கோணத்தில்தான் நிற்கிறது. தூணுக்குப் பின்னால் ஒருமுறை மறைந்த சைக்கிள், மோதும்வரை தூணுக்குப் பின்னாலேயே பயணம் செய்யலாம். 'திடீரென்று எங்கிருந்தோ வந்து விழுந்தான்' என்று ஓட்டுநர் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அவருக்கு அது அப்படித்தான் தெரிந்திருக்கும்.

இதற்கு மருந்து மிக எளிது. சந்தியை நெருங்கும்போது சைக்கிளில் போகிறவர் மிதிப்பதைச் சில நொடி நிறுத்தினால் போதும். வேகம் குறைந்ததும் கோணம் மாறி, ஓட்டுநரின் கண்ணில் உருவம் நகரத் தொடங்கும், கடைக்கண் விழித்துக்கொள்ளும். அவர் முகம் நம் பக்கம் திரும்புவதைப் பார்த்த பிறகு கடக்கலாம். காரில் இருப்பவர் ஸ்டியரிங்கின் மேல் தலையை ஒரு சாண் முன்னே நீட்டி, தூணின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுச் சந்திக்குள் நுழையலாம்.